மைக்ரோகிரீன்ஸ் வளர்ப்புத் தட்டுத் தொகுப்பு: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

விதை முளைத்து முதல் இலைகள் விரிந்ததும் வெட்டி உண்ணும் இளநாற்றுகளான மைக்ரோகிரீன்ஸை வீட்டிலேயே வளர்ப்பதற்கென்று ஒரே பெட்டியில் விற்கப்படும் தட்டுத் தொகுப்பு ஒன்றை வாங்கி, நான்கு மாதங்களில் 26 முறை விதைத்து அறுத்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தட்டுகளுக்காக இதைத் தாராளமாக வாங்கலாம். கூடவே வரும் விதைகளையும் கையேட்டையும் நம்பி வாங்க வேண்டாம் என்பது என் முடிவு. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிக அதிகம் என்பதாலும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் கையேட்டை அப்படியே பின்பற்றி, முதல் இரண்டு விதைப்புகள் அழுகியதும் தட்டுகளைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள் என்பதாலும், சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பெட்டிக்குள் அடியில் துளையுள்ள தட்டுகள் நான்கு, துளையில்லாத தட்டுகள் இரண்டு, ஒளி ஊடுருவும் மூடி ஒன்று, 650 கிராம் எடையுள்ள தேங்காய் நார்க்கழிவுக் கட்டி ஒன்று, தட்டின் அளவுக்கு வெட்டிய சணல் விரிப்புகள் நான்கு, கையால் அழுத்தித் தெளிக்கும் ஸ்ப்ரேயர் ஒன்று, முள்ளங்கி, கடுகு, தண்டுக்கீரை, பட்டாணி, சூரியகாந்தி என ஐந்து விதைப் பொட்டலங்கள், ஒரு கையேடு ஆகியவை இருந்தன. தட்டு ஒவ்வொன்றும் 25 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் கொண்ட சதுரம். நாற்றங்கால்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 25-க்கு 50 செ.மீ. தட்டில் இது சரிபாதி. ஒரு வீட்டுக்கு இந்தப் பாதி அளவே பொருத்தம் என்று நினைக்கிறேன்; ஏனெனில் முழுத் தட்டில் விளைவதை ஒரே வாரத்தில் தின்று தீர்ப்பது கடினம், அறுக்காமல் விட்டால் முற்றிவிடும்.

முதலில் தட்டுகள். இதற்கு முன் நான் பயன்படுத்திய மெல்லிய பிளாஸ்டிக் தட்டுகளில் நீர் ஊற்றியதும் நடுப்பகுதி மேலே புடைத்துக்கொள்ளும். அதனால் நீர் ஓரங்களில் தேங்கி அங்குள்ள வேர்கள் அழுகும். நடுவில் இருக்கும் நாற்றுகளோ வாடி நிற்கும். வெளிச்சம் போதவில்லையோ, விதை சரியில்லையோ என்று பல வாரங்கள் வேறு எங்கெங்கோ காரணம் தேடியிருக்கிறேன். இந்தத் தொகுப்பின் தட்டு வந்த அன்றே, துளையில்லாத தட்டைச் சமதளமான மேசையில் வைத்து 200 மி.லி. நீரை அளந்து ஊற்றி, நான்கு மூலைகளிலும் நடுவிலும் அளவுகோலைச் செங்குத்தாக வைத்துப் பார்த்தேன். ஐந்து இடங்களிலும் நீர் ஏறத்தாழ 3 மி.மீ. உயரத்துக்கு நின்றது. ஈரமான நார்க்கழிவும் நாற்றுகளும் நிறைந்த தட்டை ஒரு கையால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாலும் வளையவில்லை. அடிப்பக்கத்தில் 5 என்ற எண்ணுடன் பாலிபுரொப்பிலீன் குறியீடு இருக்கிறது. நான்கு மாதங்களாகச் சுடுநீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவியும், இதுவரை எந்தத் தட்டிலும் விரிசல் இல்லை.

துளைகளைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும். வட்டத் துளைகளுக்குப் பதிலாக, ஏறத்தாழ 2 மி.மீ. அகலமுள்ள நீண்ட பிளவுகளாக அவற்றை அமைத்திருக்கிறார்கள். நார்க்கழிவு கீழே கொட்டிவிடாத அளவுக்குக் குறுகலாகவும், கீழ்த்தட்டில் ஊற்றிய நீரை மேலே உறிஞ்சிக்கொள்ளும் அளவுக்கு நிறையவும் அவை இருக்கின்றன. கீழ்த்தட்டின் தரையில் சிறிய வரம்புகள் இருப்பதால் மேல்தட்டு அதோடு ஒட்டிக்கொள்வதில்லை. இடையில் காற்று போகிறது. ஐந்தாம் நாளில் முள்ளங்கியின் வேர்கள் அந்தப் பிளவுகள் வழியாக வெள்ளை நூல்களாக இறங்கி, வரம்புகளுக்கு இடையில் உள்ள நீரில் படுத்திருப்பதை மேல்தட்டைத் தூக்கிப் பார்த்தாலே காணலாம். அதன் பிறகு காலையில் ஒரு முறை கீழ்த்தட்டில் 150 மி.லி. நீர் ஊற்றினால் போதும். அரை மணி நேரம் கழித்து மிச்சம் நிற்கும் நீரைக் கவிழ்த்துவிட வேண்டும். இவ்வளவு நன்றாகச் செய்யப்பட்ட தட்டுகளை வீட்டுப் பயன்பாட்டுக்கான தொகுப்புகளில் நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட தட்டுகளைக் கொடுத்துவிட்டு, கையேட்டில் அடிவழி நீர் விடுவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதுதான் வருத்தம். விதைத்த நாளிலிருந்து அறுவடை வரை காலையும் மாலையும் ஸ்ப்ரேயரால் மேலே தெளிக்கச் சொல்கிறது. விதை முளைவிட்டு மண்ணைப் பற்றும் வரை மேல்தெளிப்பு தேவைதான். வித்திலைகள், அதாவது முளையின் முதல் இலைகள், விரிந்து நெருங்கி ஒரு கூரைபோல் ஆன பிறகு மேலே தெளிக்கும் நீர் தண்டுகளுக்கு இடையில் சிக்கி, காய வழியில்லாமல் கிடக்கும். நாற்றழுகலுக்கு அதைவிட வேறு அழைப்பு வேண்டியதில்லை. என் முதல் தண்டுக்கீரைத் தட்டு அப்படித்தான் போனது. ஆறாம் நாள் காலையில் ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு நாற்றுகள் சாய்ந்திருந்தன. குனிந்து பார்த்தபோது, இலைகள் பசுமை மாறாமலே இருக்க, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நீர் ஊறி, நூல்போல் சிறுத்திருந்தது. மாலைக்குள் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகச் சரிந்துவிட்டன. மறுநாள் தட்டு முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நுண்ணுயிரிகள் தண்டின் அடியைத் தாக்குவதால் வரும் நோய் இது. ஈரமும் நெருக்கமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் மிக வேகமாகப் பரவும்.

அந்தத் தட்டு அழிந்ததற்கு நெருக்கமும் ஒரு காரணம். அதற்கும் கையேட்டின் அளவு முறையே பொறுப்பு. சிறு விதைகள் எல்லாவற்றுக்கும் தட்டுக்கு இரண்டு தேக்கரண்டி என்று ஒரே அளவைக் கொடுத்திருக்கிறார்கள். எடைபோட்டுப் பார்த்தேன். இரண்டு தேக்கரண்டி முள்ளங்கி விதையும் இரண்டு தேக்கரண்டி தண்டுக்கீரை விதையும் ஏறத்தாழ 8 கிராம்தான் வருகின்றன. ஆனால் தண்டுக்கீரை விதை மணல்போல் பொடியானது. இந்த அளவு தட்டுக்கு 4 கிராம் போதும். முள்ளங்கிக்கோ 16 கிராம் வேண்டும். ஆகவே கையேட்டின்படி விதைத்தால் ஒன்று இரு மடங்கு நெருக்கமாகவும் மற்றொன்று பாதி இடம் வெறுமையாகவும் வளரும். கிராம் கணக்கில் ஒரு சிறு பட்டியல் கொடுத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. பல முறை கூட்டியும் குறைத்தும் பார்த்து நான் வந்து நின்ற அளவுகள் இவை: முள்ளங்கி 16 கிராம், கடுகு 8 கிராம், தண்டுக்கீரை 4 கிராம், சூரியகாந்தி 55 கிராம், பட்டாணி 110 கிராம். கடைசி இரண்டையும் ஊறவைப்பதற்கு முன் உலர்ந்த நிலையில் எடைபோட வேண்டும். பிறகு 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து வடித்து விதைக்கலாம். சமையலறை மின்னணுத் தராசு ஒன்று இருந்தால் பெட்டியில் உள்ள ஸ்ப்ரேயரைவிட அதிகம் உதவும்.

முளைப்பரப்புக்கு நார்க்கழிவு, சணல் விரிப்பு என இரண்டு வகைகளைக் கொடுத்திருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆவல் வந்தது. ஒரே பொட்டலத்து முள்ளங்கி விதையை 16 கிராம் வீதம் இரண்டு தட்டுகளில் விதைத்து, ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சணல் விரிப்பில் முதல் இரண்டு நாட்கள் முளைப்பு இன்னும் சீராகவே இருந்தது. மூன்றாம் நாளுக்குப் பிறகு அது காலையில் நனைத்தால் மாலைக்குள் காய்ந்துவிட்டது; ஒரு நாள் மாலை நான் கவனிக்கத் தவறியதும் ஒரு பக்கத்து நாற்றுகள் வாடிப் படுத்தன. ஏழாம் நாள் அறுத்தபோது நார்க்கழிவுத் தட்டு 128 கிராமும் சணல் தட்டு 81 கிராமும் கொடுத்தன. சணல் இழைகள் சில தண்டுகளோடு ஒட்டி வந்ததால் அவற்றைப் பொறுக்குவதற்கும் நேரம் பிடித்தது. நார்க்கழிவுக் கட்டியை நீரில் ஊறவைத்தால் எட்டு ஒன்பது லிட்டர் அளவுக்கு விரியும்; 2.5 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் ஐந்து தட்டுகளுக்கு வரும். உப்பு மிச்சம் இருக்கக்கூடும் என்பதால் ஊறிய நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்து பயன்படுத்துவது நல்லது. இதையும் கையேடு சொல்லவில்லை. விரிப்புக்குப் பதிலாக இன்னொரு நார்க்கழிவுக் கட்டியை வைத்திருக்கலாம்.

விதைகளின் தரம் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறுகிறது. ஈரத் துணியில் 50 விதைகளைப் பரப்பி முளைப்புத்திறனைச் சோதித்தபோது, முள்ளங்கியில் 48, கடுகில் 47, பட்டாணியில் 44 முளைத்தன. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சூரியகாந்தியில் 27 மட்டுமே முளைத்தன. முளைக்காத விதைகள் தட்டில் சும்மா கிடப்பதில்லை. அழுகிப் பூஞ்சாணத்துக்கு இரையாகி, முளைத்த விதைகளையும் கெடுக்கின்றன. அந்தத் தட்டின் அறுவடை 85 கிராமோடு நின்றுவிட்டது. விற்றவர்களுக்குப் படத்துடன் எழுதினேன். மறுப்புச் சொல்லாமல் ஒன்பதாம் நாள் மாற்றுப் பொட்டலம் அனுப்பினார்கள் என்பதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதே தொகுதி எண் கொண்ட விதையையே அனுப்பியிருந்தார்கள், அதிலும் 50-க்கு 29-தான் முளைத்தது. பொட்டலத்தில் அடைத்த மாதம் இருக்கிறது, முளைப்புச் சோதனை செய்த நாள் இல்லை. பிறகு வேறு இடத்தில் வாங்கிய சூரியகாந்தி விதையை அதே தட்டில் அதே அளவு விதைத்து 160 கிராம் எடுத்தேன்.

விதையைத் தனியாக வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிலத்தில் விதைப்பதற்காக விற்கப்படும் விதைகளில் பல, தைரம் போன்ற பூஞ்சாணக்கொல்லி பூசப்பட்டு இளஞ்சிவப்பாகவோ வேறு நிறத்திலோ இருக்கும். அவற்றை ஒருபோதும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதுபோலவே தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை ஆகியவற்றின் நாற்றுகள் உண்ணத்தக்கவை அல்ல. அந்தக் குடும்பத்துச் செடிகளின் இளந்தழையில் நச்சுப்பொருள்கள் இருக்கின்றன. எந்த விதையும் இந்தத் தட்டில் வளரும் என்று பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வரியை நீக்குவதே நியாயம்.

இருட்டில் வைக்கும் நாட்களைப் பற்றி மட்டும் கையேடு சரியாகச் சொல்கிறது. முள்ளங்கி, கடுகு, சூரியகாந்தி, பட்டாணி ஆகியவற்றை விதைத்ததும் மேலே ஒரு காலித் தட்டை வைத்து அதன்மேல் எடை ஏற்றச் சொல்கிறார்கள். நான் ஒரு லிட்டர் நீர்ப்புட்டிகள் இரண்டை வைக்கிறேன். இந்த எடையால் வேர் மண்ணுக்குள் இறங்குகிறது, விதையின் மேலோடும் எளிதில் கழன்றுவிடுகிறது. மூன்றாம் நாள் நாற்றுகள் இரண்டு கிலோவையும் முட்டி மேலே தூக்கிக்கொண்டு நிற்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. தண்டுக்கீரைக்கு எடை வேண்டாம், அதன் முளை மெலிந்தது.

இந்த மூன்றாம் நாளில்தான் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். நானும் ஒரு நல்ல முள்ளங்கித் தட்டை வீணாக்கியிருக்கிறேன். எடையை எடுத்துப் பார்த்தபோது ஒவ்வொரு முளையின் அடியிலும் வெண்பஞ்சு சுற்றியதுபோல் இருந்தது. கையேட்டில் வெள்ளையாக எதைக் கண்டாலும் தட்டைக் கொட்டிவிடவும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்ததால் அப்படியே கொட்டிவிட்டேன். அவை வேர்த்தூவிகள் என்பது அடுத்த தட்டில்தான் தெரிந்தது. வேர்த்தூவிகள் ஒவ்வொரு வேரையும் சுற்றி ஒரே சீராக, மிக நுண்ணிய மயிர்களாக நீட்டிக்கொண்டிருக்கும். நீரைத் தெளித்தால் வேரோடு ஒட்டி, பார்வைக்கே தெரியாமல் போய்விடும். பூஞ்சாணம் அப்படி இருக்காது. அது சிலந்திவலைபோல் ஒரு விதையிலிருந்து அடுத்த விதைக்குத் தாவிப் படரும், தெளித்தாலும் மறையாது, முகர்ந்தால் புழுங்கிய வாடை அடிக்கும். இரண்டு சிறு படங்களை அருகருகே அச்சிட்டிருந்தால் எத்தனை தட்டுகள் தப்பியிருக்கும் என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

பெட்டியின் முகப்பில், முற்றிய கீரையைவிட 40 மடங்கு சத்து என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தையும் வேளாண் துறையையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 25 வகை மைக்ரோகிரீன்களின் வைட்டமின்களை அளந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வைத் தொட்டுப் பரவிய எண் இது. அந்த 40 மடங்கு குறிப்பிட்ட சில வகைகளில் குறிப்பிட்ட சில சத்துகளுக்கு மட்டுமே பொருந்தும். எல்லா வகைக்கும் எல்லாச் சத்துக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதன்று. அதே ஆய்வில் வைட்டமின் சி 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 மி.கி. முதல் 147 மி.கி. வரை, அதாவது வகைக்கு வகை ஏழு மடங்கு வேறுபட்டது. அதிகம் இருந்தது செம்முட்டைக்கோசில். இந்தப் பெட்டியில் செம்முட்டைக்கோசு விதையே இல்லை. நல்ல பொருளுக்கு இந்த மிகை தேவையில்லை. பறித்த ஐந்தாவது நிமிடத்தில் முள்ளங்கியின் காரமும் பட்டாணித் தளிரின் இனிப்பும் நாவில் படுகிறதே, அதை எழுதினாலே போதும்.

பாதுகாப்பு குறித்து ஒரு பெரிய குறையைச் சொல்லியாக வேண்டும். அறுவடைப் பக்கத்தில், விரிப்பிலிருந்து வேரோடு பிடுங்கி உண்ணலாம் என்று கையேடு சொல்கிறது. வேரோடும் விதையோடும் உண்ணும் முளைகட்டிய விதைகளும், மண்ணுக்கு மேலே வெட்டி எடுக்கும் மைக்ரோகிரீன்ஸும் ஒன்றல்ல. ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள இடத்தில் விதையில் ஒட்டியிருக்கும் கிருமிகளும் சேர்ந்தே பெருகும். 1996-இல் ஜப்பானின் சகாய் நகரில் பள்ளிக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் நோயுற்றபோது முள்ளங்கி முளைகள்மீது ஐயம் எழுந்தது. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளைகளால் பரவிய ஈ.கோலை தொற்றில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெளிச்சத்திலும் காற்றோட்டத்திலும் வளர்த்து வேரை விட்டுவிட்டு வெட்டும்போது ஆபத்து குறைகிறது. முற்றிலும் இல்லாமல் போவதில்லை. ஆகவே ஒவ்வொரு விதைப்புக்கும் தட்டைக் கழுவி உலர்த்த வேண்டும். பயன்படுத்திய நார்க்கழிவை மறுபடி தட்டில் போடாமல் தொட்டிச் செடிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். கூரான கத்தரிக்கோலால் மண்ணிலிருந்து ஒரு செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். அறுவடைக்கு எட்டு மணி நேரம் முன்பிருந்தே தழையில் நீர் படாமல் பார்த்துக்கொண்டு, கழுவாமல் உலர்வாகக் குளிர்பெட்டியில் வைத்தால், முள்ளங்கி ஒரு வாரம் வரை வாடாமல் இருக்கிறது. உண்ணும் நேரத்தில் கழுவிக்கொள்ளலாம்.

விளைச்சலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முள்ளங்கி ஏழு நாட்களில் சராசரியாக 125 கிராம், கடுகு ஒன்பது நாட்களில் 80 கிராம், தண்டுக்கீரை பதின்மூன்று நாட்களில் 45 கிராம். பட்டாணியின் வித்திலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுவதால் நாம் உண்பது அதன் தளிரை. தண்டின் அடியில் உள்ள கணுவை விட்டு அதற்கு மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். முதல் வெட்டில் 170 கிராமும் பத்து நாட்கள் கழித்து இரண்டாம் வெட்டில் 70 கிராமும் எடுத்தேன். சூரியகாந்தியை, வித்திலைகளுக்கு நடுவே அடுத்த இலைகள் எட்டிப்பார்ப்பதற்குள் அறுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் கசந்துவிடும்.

மூடியைப் பற்றிய என் கருத்து கலவையானது. தண்டுக்கீரைபோல் எடை வைக்க முடியாத விதைகளுக்கு முதல் மூன்று நாட்கள் ஈரம் காக்க அது உதவுகிறது. அறுவடை வரை மூடியே வைக்கலாம் என்ற கையேட்டின் சொல்லைக் கேட்டால், உள்பக்கம் நீர் முத்துகளாகத் திரண்டு நாற்றுகள்மேல் சொட்டும். மேலே இருக்கும் இரண்டு காற்றுத்துளைகளைத் திறந்து வைத்தும் அது நிற்கவில்லை. தட்டுகளின் பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் மூடி மிக மெல்லியது. மூன்றாம் மாதத்தில் ஒரு மூலையின் கொக்கி உடைந்துவிட்டது. மூடியையோ தட்டையோ தனியாக வாங்க வழியில்லை, முழுப் பெட்டியையும் மறுபடி வாங்க வேண்டும் என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். இன்னும் நான்கு துளைத் தட்டுகள் கிடைத்தால் வாரம் தவறாமல் சுழற்சியாக விதைக்கலாம் என்று காத்திருக்கும் எனக்கு அது பெரிய ஏமாற்றம். இப்போதைக்குத் தண்டுக்கீரை விதைக்கும்போது மூடிக்குப் பதிலாகத் துளையுள்ள காலித் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைக்கிறேன். பிளவுகள் வழியாகக் காற்று போவதால் நீர் முத்துக் கட்டுவதில்லை, முளைப்பும் மூடியில் வந்ததைவிடச் சீராகவே வருகிறது.